ஃபர் வணிகக் கோட்டை என்றால் என்ன? லாங்லி கோட்டை வழியாக ஓர் அறிமுகம்

கனடாவின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஃப்ரேசர் ஆற்றின் தென்கரையில் லாங்லி கோட்டை இருக்கிறது. வான்கூவரிலிருந்து காரில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். கூர் சீவிய மரங்களை நெருக்கமாக நட்டு எழுப்பிய மதில், மூலையில் மரத்தாலான கொத்தளம், உள்ளே புல்வெளியைச் சுற்றிச் சில மரக் கட்டடங்கள். விலங்குகளின் உரோமத்தோலை (ஃபர்) வாங்கி லண்டனுக்கு அனுப்புவதற்காக 1827-இல் ஹட்சன் பே கம்பெனி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனம் தொடங்கிய இடம் இது. ஆனால் இருபதே ஆண்டுகளில் இந்தக் கோட்டைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சரக்கு தோல் அல்ல, உப்பில் போட்ட சால்மன் மீன்.

ஃபர் வணிகத்தைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவர்களுக்கு நான் லாங்லியைக் காட்டுவது இதனால்தான். கோட்டை என்றதும் போர்வீரர்களும் முற்றுகையும் மனதில் வந்துவிடுகின்றன. இல்லையென்றால், துணிச்சலான சில வெள்ளைக்காரர்கள் ஆளில்லாக் காட்டுக்குள் போய்த் தனியாக உருவாக்கிய சாகசக் கதை நினைவுக்கு வருகிறது. லாங்லியில் படையும் கிடையாது, அது ஆளில்லாக் காடும் இல்லை. அந்தக் கோட்டையைக் கட்ட உத்தரவு போட்டது கம்பெனி. அதற்குச் சோறு போட்டு, மீன் பிடித்துத் தந்து, மொழி பேசி, குடும்பம் கொடுத்து நிலைக்க வைத்தவர்கள் ஏற்கெனவே அங்கே வாழ்ந்த மக்களும், கடல் தாண்டி வந்த கூலித் தொழிலாளர்களும்தான்.

சரி, முதலில் அடிப்படைக் கேள்வி. தோலுக்காக ஏன் இவ்வளவு பாடு?

பதில் ஒரு தொப்பி. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஐரோப்பாவில் மதிப்பான மனிதர் என்று காட்டிக்கொள்ள விரும்பிய ஆண்கள் பீவர் தொப்பி போட்டார்கள். பீவர் என்பது ஆற்றில் மரங்களைக் கொறித்து வீழ்த்தி அணை கட்டும் விலங்கு. அதன் உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். வெளியே நீளமான, முரட்டு மயிர்; அடியில் மிக மென்மையான குறுமயிர். தொப்பிக்கு வேண்டியது அடிமயிர் மட்டும். அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொக்கிகள் உண்டு. வெந்நீரில் நனைத்து அழுத்திப் பிசைந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஃபெல்ட் என்ற கெட்டியான துணியாகிவிடும். நெசவே தேவையில்லை. மழை பெய்தாலும் அந்தத் தொப்பியின் வடிவம் குலையாது.

இதில் எனக்கு வியப்பூட்டும் விஷயம் ஒன்று உண்டு. ஆரம்ப காலத்தில் புதுத் தோலைவிடப் பழைய தோலுக்குத்தான் கூடுதல் விலை. பூர்வகுடி மக்கள் பீவர் தோல்களைச் சேர்த்துத் தைத்து, மயிர்ப்பக்கம் உடம்பில் படும்படி ஓரிரு குளிர்காலம் மேலாடையாகப் போட்டுக்கொள்வார்கள். உடம்பு உரசி முரட்டு மயிர் உதிர்ந்துவிடும்; உடலின் எண்ணெய்ப்பசை ஏறி அடிமயிர் பதமாகிவிடும். அந்த ஆடையைக் கழற்றி விற்றபோது ஐரோப்பிய வணிகர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். தொப்பி செய்பவர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை, அதை அணிந்தவர் அன்றாட வாழ்க்கையிலேயே முடித்துக் கொடுத்துவிட்டார். பின்னாளில் ஐரோப்பியப் பட்டறைகள் பாதரச உப்பைக் கொண்டு மயிரைப் பதப்படுத்தக் கற்றன. அந்தப் பாதரச ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக்குழப்பமும் வந்தன. தொப்பி நேர்த்தியாகத்தான் இருந்தது. அதைச் செய்த கைகள் அழிந்தன.

ஐரோப்பாவின் சொந்தப் பீவர்களை ஏற்கெனவே வேட்டையாடி ஏறக்குறைய தீர்த்துவிட்டிருந்தார்கள். அதனால் பார்வை வட அமெரிக்கா பக்கம் திரும்பியது. 1670 மே 2 அன்று இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ், தன் உறவினரான இளவரசர் ரூபர்ட் தலைமையிலான குழுவுக்கு ஓர் அரச சாசனம் கொடுத்தார். ஹட்சன் விரிகுடாவில் வந்து கலக்கும் ஆறுகள் பாயும் நிலப்பரப்பு முழுவதிலும் வணிகம் செய்யும் தனியுரிமை அந்தக் குழுவுக்கு. அதுதான் ஹட்சன் பே கம்பெனி. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனியும் இதே வகையைச் சேர்ந்த சாசனக் கம்பெனிதான் என்பதால், நம் வாசகர்களுக்கு இந்த ஏற்பாட்டின் போக்கு புரிந்துவிடும். வணிகம் செய்ய வந்த நிறுவனத்தின் கையில் ஆட்சி அதிகாரமும் சேர்ந்தே வந்தது.

ஹட்சன் பே கம்பெனிக்குப் பெரிய போட்டி, 1779-இல் மான்ட்ரியலில் உருவான நார்த் வெஸ்ட் கம்பெனி. இரண்டும் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டன. துப்பாக்கிச் சண்டைவரை போயிற்று. 1821-இல் இணைந்தன. அதன்பின் ராக்கி மலைகளுக்கு மேற்கே பசிபிக் கடற்கரைவரை கம்பெனியின் கை நீண்டது. லாங்லியின் கதை இங்கிருந்து தொடங்குகிறது.

கோட்டைக்குள் என்ன நடந்தது?

ஒரு ஃபர் கோட்டை அடிப்படையில் கடை, கிடங்கு, பட்டறை, குடியிருப்பு எல்லாம் ஒரே வேலிக்குள் அடங்கிய இடம். உள்ளூர் வேட்டைக்காரர்கள் தோலைக் கொண்டுவருவார்கள். எழுத்தர் தரம் பார்த்துக் கணக்கு எழுதுவார். பதிலுக்குக் கம்பளிப் போர்வை, செம்புக் கொப்பரை, கத்தி, கோடரி, துப்பாக்கி, வெடிமருந்து, பாசிமணி, புகையிலை கிடைக்கும். காசு புழங்காத இடம் என்பதால் கணக்குக்கு ஓர் அலகு வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் பிடித்த, நன்றாகப் பதப்படுத்திய, முழு வளர்ச்சியடைந்த ஒரு பீவரின் தோல்தான் அந்த அலகு. மற்ற விலங்குகளின் தோலுக்கும் கடையில் இருக்கும் பொருளுக்கும் இத்தனை பீவர் என்றுதான் விலை. பின்னாளில் சில பகுதிகளில் இதற்காகவே பித்தளை வில்லைகளை அச்சிட்டார்கள்.

வாங்கிய தோலைத் தட்டி, காயவைத்து, அடுக்கி, பெரிய நெம்புகோல் அழுத்தியில் வைத்துக் கட்டுகளாக்குவார்கள். ஒரு கட்டு சுமார் 40 கிலோ. ஒரு மனிதன் முதுகில் தூக்கக்கூடிய, குதிரைமேல் ஏற்றக்கூடிய, படகில் அடுக்கக்கூடிய எடை அது. அங்கிருந்து லண்டன் ஏலம்வரை போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். லண்டனிலிருந்து சரக்கு வருவதற்கும் அவ்வளவு காலம். ஆகவே இன்று கேட்ட கொப்பரை அடுத்த ஆண்டோ அதற்கும் அடுத்த ஆண்டோதான் வரும். கோட்டையில் கொல்லரும் தச்சரும் இருந்தே ஆக வேண்டியதற்கு இதுவே காரணம்.

மதில் எதற்கு? உள்ளே ஓராண்டுச் சரக்கு குவிந்து கிடக்கிறது. வெளியே வேறு வேறு மக்கள் குழுக்களுக்கு இடையே பழைய பகைகள். மதில் என்பது பூட்டும் காவலும் சேர்ந்த ஏற்பாடு. அதோடு, யார் எப்போது உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் வசதியும் அதில் இருந்தது. ஆனால் இருபத்தைந்து பேர் இருக்கும் இடத்தை, சுற்றிலும் ஆயிரக்கணக்கில் வாழும் மக்கள் நினைத்தால் ஒரு மரவேலி காப்பாற்றிவிடாது. அவர்களுக்கும் அந்தக் கடை தேவைப்பட்டது. அதனால்தான் கோட்டை நின்றது.

1824 டிசம்பரில் ஜேம்ஸ் மெக்மில்லன் தலைமையில் ஒரு குழு ஃப்ரேசர் ஆற்றைப் பார்வையிட்டுப் போனது. 1827 கோடையில் அதே மெக்மில்லன் சுமார் 25 பேருடன் திரும்பி வந்து மரம் வெட்டத் தொடங்கினார். கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான தாமஸ் லாங்லியின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். அது இப்போது நாம் பார்க்கும் இடம் அல்ல. ஆற்றின் போக்கில் சில கிலோமீட்டர் கீழே, இன்று டெர்பி என்று அழைக்கப்படும் இடம்.

கம்பெனியின் கணக்கு என்னவென்றால், கடற்கரையில் கப்பலில் வந்து தோல் வாங்கும் அமெரிக்க வணிகர்களை முந்த வேண்டும். அடுத்து, அன்றைய தலைமையிடமான வான்கூவர் கோட்டை கொலம்பியா ஆற்றங்கரையில் இருந்தது (இன்றைய வான்கூவர் நகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அந்தக் கோட்டை இப்போது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது). நாளைக்கு எல்லைக்கோடு போட்டு அந்தப் பகுதி அமெரிக்காவுக்குப் போய்விட்டால் மாற்று வழி வேண்டும். ஃப்ரேசர் ஆறு அந்த வழியாக அமையும் என்று கம்பெனியின் வட அமெரிக்க ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சன் நம்பினார். 1828-இல் அவரே படகில் ஆற்றோடு இறங்கி வந்து பார்த்தார். மலைகளுக்கு இடையே ஆறு ஒடுங்கிப் பாயும் பள்ளத்தாக்கைக் கடந்து உயிரோடு லாங்லி வந்து சேர்ந்தபின், பத்து முறை முயன்றால் ஒன்பது முறை மரணம் உறுதி என்று எழுதினார். திட்டத்தின் முதுகெலும்பே அத்துடன் முறிந்தது.

இந்த சிம்ப்சனின் இன்னொரு கொள்கையையும் சொல்ல வேண்டும். தெற்கே ஸ்னேக் ஆற்றுப் பகுதிக்கு அமெரிக்க வேட்டைக்காரர்கள் வரக்கூடாது என்பதற்காக, அங்கிருந்த பீவர்களை வேண்டுமென்றே ஒன்றுவிடாமல் பிடித்துத் தீர்க்கச் சொன்னார். பீவர் போனால் அதன் அணைகள் போகும். அணைகள் போனால் அவை தேக்கி வைத்திருந்த குளங்களும் சதுப்பு நிலங்களும் போகும். ஒரு வணிகப் போட்டிக்காக ஆற்றுப்படுகைகளையே வறளவிட்ட செயல் அது. ஃபர் வணிகத்தின் பாரம்பரியம் என்று பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையல்ல.

குவாண்ட்லன் மக்களும் மீனும்

கோட்டை எழுந்த கரை குவாண்ட்லன் மக்களின் நிலம். ஆற்றோடு வாழும் ஸ்டோலோ மக்கள் குழுக்களில் அவர்களும் ஒருவர். 1782 வாக்கில், கம்பெனி ஆள் ஒருவர்கூட இங்கே கால் வைக்கும் முன்பே, வணிகப் பாதைகள் வழியாகப் பரவி வந்த பெரியம்மை இந்தக் கரையோர மக்களில் பெரும்பகுதியைக் கொன்றிருந்தது. மெக்மில்லனின் ஆட்கள் 1827-இல் சந்தித்தது, அந்த இழப்பைத் தாண்டி மீண்டு நின்ற ஒரு சமூகத்தை.

இவர்களுக்குப் பீவர் வேட்டையில் பெரிய ஆர்வம் இல்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிவரும் சால்மன் அவர்களுடைய உணவு, சேமிப்பு, விருந்து, சடங்கு எல்லாமாக இருந்தது. பிடித்து, பிளந்து, காற்றிலும் புகையிலும் உலர்த்தி, குளிர்காலம் முழுவதும் வைத்துச் சாப்பிடும் கலையை அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறிந்திருந்தார்கள். முதல் குளிர்காலத்தில் கோட்டைக்காரர்கள் பட்டினி இல்லாமல் கழித்தார்கள் என்றால் அது உள்ளூர் மக்கள் விற்ற மீனாலும் இறைச்சியாலும்தான்.

1828-இல் பொறுப்பேற்ற ஆர்ச்சிபால்ட் மெக்டொனால்டுக்கு இது புரிந்தது. தோல் போதுமான அளவு வரவில்லை, ஆனால் மீன் மலைபோல் வருகிறது. 1829 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சால்மன் வாங்கினார்கள். அதற்குக் கொடுத்த சரக்கின் மதிப்பு 14 பிரிட்டிஷ் பவுண்டுக்கும் குறைவு. அந்த விலையை இன்று படிக்கும்போது, லாபம் யார் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்று சொல்லத் தேவையில்லை. மீனை உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்து வெளியே விற்கலாம் என்று முயன்றார்கள். ஆரம்பத்தில் பீப்பாய்கள் ஒழுகின. உப்புநீர் வடிந்து போனால் மீன் கெட்டுவிடும். பீப்பாய் செய்வது தனித் தொழில்; பலகையின் வளைவும் சரிவும் துல்லியமாக இருந்தால்தான் ஆணியோ பசையோ இல்லாமல் இரும்பு வளையத்தின் பிடியிலேயே நீர் கசியாமல் நிற்கும். தேர்ந்த பீப்பாய்த் தச்சர்கள் வந்த பிறகுதான் வியாபாரம் பிடித்தது.

1833-இலிருந்து 1859 வரை கோட்டையை நடத்தியவர் ஜேம்ஸ் மரே யேல். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே இடம். அவர் காலத்தில் மீன் பருவம் வந்தால் கோட்டை மொத்தமும் ஆற்றங்கரைக்கு இறங்கிவிடும். படகு படகாக மீன் வந்து இறங்கும். குவாண்ட்லன் பெண்களும் கோட்டைத் தொழிலாளர்களின் மனைவிமாரும் வரிசையாக உட்கார்ந்து தலையையும் குடலையும் நீக்கி வெட்டிப் போடுவார்கள். பிள்ளைகள் சுமந்துகொண்டு ஓடுவார்கள். ஆண்கள் உப்பு அடுக்கி, பீப்பாயில் நிரப்பி, உப்புக் கரைசல் ஊற்றி மூடுவார்கள். 1840-களின் இறுதியில் ஒரே பருவத்தில் 2,000 பீப்பாய்களுக்கு மேல் தயாரான ஆண்டுகள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி ஹவாய்த் தீவுகளுக்குப் போயிற்று. ஹொனலுலுவில் கம்பெனிக்கு ஒரு கிளை இருந்தது. கிரான்பெரிப் பழங்களையும் உள்ளூர் மக்கள் சதுப்பு நிலங்களில் பறித்துவந்து விற்றார்கள். அதுவும் பீப்பாயில் ஏறி, பின்னாளில் சான்பிரான்சிஸ்கோ வரை போனது.

திருமணங்களும் இந்த வணிகத்தின் பகுதிதான். கம்பெனியின் அதிகாரிகளும் தொழிலாளர்களும் உள்ளூர்ப் பெண்களை அந்த மக்களின் வழக்கப்படி மணந்தார்கள். குவாண்ட்லன் குடும்பங்களின் பார்வையில் இது புதிய வணிகர்களை உறவுமுறைக்குள் கொண்டுவரும் வழி. உறவு என்றால் கடமையும் உண்டு. கம்பெனியின் பார்வையில் மீனும் தகவலும் பாதுகாப்பும் தடையில்லாமல் கிடைக்கும் வழி. இதை மெக்டொனால்டு தன் அறிக்கையில் மறைக்காமலே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் மொழிபெயர்த்தார்கள், வலை பின்னினார்கள், தோல் பதப்படுத்தினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். 1827 முதல் 1830 வரையிலான கோட்டை நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. மழை, காற்று, எத்தனை மீன், எத்தனை தோல் என்று அன்றாடம் எழுதிவைத்த அருமையான ஆவணம் அது. ஆனால் அதில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் பெயரில்லாமல்தான் வருகிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் இடம். ஒரு கொப்பரையின் விலை தெரிகிறது. அதில் சமைத்தவரின் பெயர் தெரியவில்லை.

குவாண்ட்லன் மக்களுக்கும் கோட்டை அருகில் இருப்பதில் கணக்கு இருந்தது. வடக்கிலிருந்து படகுகளில் வந்து தாக்கி ஆட்களை அடிமைகளாகப் பிடித்துப்போகும் லெக்வில்டாக் குழுவினர் அன்றைக்குப் பெரிய அச்சுறுத்தல். கோட்டைத் துப்பாக்கிகள் பக்கத்தில் இருப்பது பாதுகாப்பு. மேலும், கோட்டைக்குப் போகும் வழி தங்கள் ஊர் வழியாக அமைந்தால், மற்ற குழுக்கள் தங்களைத் தாண்டித்தான் வணிகம் செய்ய முடியும். அதனால் கோட்டை இடம்மாறியபோது அவர்களும் பக்கத்திலேயே வந்து அமர்ந்தார்கள்.

ஹவாயிலிருந்து மீனுக்கு எதிர்த்திசையில் மனிதர்கள் வந்தார்கள். 1827-இல் மரம் வெட்டிய முதல் குழுவிலேயே கோமோ, பியோபியோ என்ற இரண்டு ஹவாய்க்காரர்கள் இருந்தார்கள். வடமேற்குக் கரையின் ஃபர் வணிகம் 1811 முதலே ஹவாய்த் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் கொண்டுவந்துகொண்டிருந்தது. படகோட்டுவதிலும் நீந்துவதிலும் தேர்ந்தவர்கள். லாங்லியில் அவர்கள் மரம் அறுத்தார்கள், மீன் உப்பிட்டார்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினார்கள். இவர்களோடு ஸ்காட்லாந்துக்காரர்கள், பிரெஞ்சுக் கனடியர்கள், கிழக்கிலிருந்து வந்த இராக்வா பூர்வகுடியினர், கலப்புக் குடும்பங்களில் பிறந்த மேட்டிகள். இத்தனை பேரும் பேசிக்கொள்ள பிரெஞ்சும் ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் கலந்த சினூக் என்ற வணிகமொழி புழங்கியது.

1839-இல் கோட்டையை ஆற்றின் மேல்பக்கமாக, விவசாய நிலத்துக்கு அருகில் மாற்றினார்கள். அதே ஆண்டு அலாஸ்காவில் இருந்த ரஷ்யக் கம்பெனிக்குத் தானியமும் வெண்ணெயும் தருவதாக ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. லாங்லியின் பண்ணை அதற்கு உழைத்தது. 1840 ஏப்ரல் 11 அன்று புதுக் கோட்டை எரிந்து போனது. யேல் அருகிலேயே உடனே மறுபடி கட்டினார். இன்று நாம் பார்ப்பது அந்த மூன்றாவது கோட்டையின் இடம்.

ஒரு போர்வையின் கதை

வணிகச் சரக்குகளில் மிகவும் புகழ்பெற்றது இங்கிலாந்தில் நெய்த கம்பளிப் போர்வை. அதன் ஓரத்தில் சிறு சிறு கோடுகள் இருக்கும். ஒரு கோட்டுக்கு ஒரு பீவர் விலை என்று பலர் சொல்வார்கள், அது தவறு. கோடுகள் போர்வையின் அளவைத்தான் குறிக்கின்றன. போர்வை மடித்து அடுக்கியிருக்கும்போதே எந்த அளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் போர்வை வந்து நுழைந்த வீட்டில் ஏற்கெனவே உயர்ந்த நெசவுக்கலை இருந்தது. குவாண்ட்லன் மக்களையும் உள்ளடக்கிய கரையோர சாலிஷ் மக்களின் பெண்கள் மலையாட்டு மயிரோடு, கம்பளிக்காகவே வளர்த்த ஒரு தனி நாய் இனத்தின் மயிரையும் சேர்த்து நெய்தார்கள். மற்ற நாய்களோடு கலந்துவிடாமல் அவற்றைத் தனியாக வைத்து வளர்ப்பார்கள். அந்தப் போர்வைகள் செல்வத்தின் அடையாளம். பெரிய விருந்துகளில் பரிசாக வழங்கப்படுபவை. 19-ஆம் நூற்றாண்டின் போக்கில் அந்த நாய் இனம் அற்றுப்போனது. மலிவான இறக்குமதிப் போர்வை ஒரு காரணம். நோய்களால் மக்கள் தொகை சரிந்ததும், பின்னர் வந்த காலனி அரசு அவர்களுடைய வாழ்க்கைமுறையை ஒடுக்கியதும் அதைவிடக் கனமான காரணங்கள். அந்த இனத்தைச் சேர்ந்த மட்டன் என்ற நாயின் தோல், 1859-இல் சேகரிக்கப்பட்டு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஃபர் வணிகம் எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாய்தான் நினைவுக்கு வரும்.

1846-இல் 49-ஆவது அட்சரேகையை எல்லையாக்கி பிரிட்டனும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்தன. சிம்ப்சன் பயந்தபடியே கொலம்பியா ஆற்று வான்கூவர் கோட்டை அமெரிக்கப் பக்கம் போயிற்று. லாங்லி எல்லைக்கு வடக்கே, பிரிட்டிஷ் பக்கம் நின்றது. ஆற்றில் இறங்க முடியாத பள்ளத்தாக்கைச் சுற்றி மலைகளின் மேல் குதிரைப் பாதை தேடினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் உள்நாட்டுத் தோல்கள் குதிரைகளில் ஹோப் கோட்டைவரை வந்து, அங்கிருந்து படகில் லாங்லிக்கு இறங்கின. ஆக, தோலுக்காகத் தொடங்கிய கோட்டை தோல் வணிகத்தின் முக்கியச் சந்திப்பாக ஆனது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துத்தான். அதற்குள் ஐரோப்பாவில் பட்டுத் தொப்பி வந்து பீவர் தொப்பியை ஓரம்கட்டத் தொடங்கியிருந்தது.

அப்புறம் தங்கம் வந்தது. 1858-இல் ஃப்ரேசர் ஆற்று மணலில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி கலிஃபோர்னியாவை எட்டியதும், ஒரே ஆண்டில் சுமார் 30,000 பேர் குவிந்தார்கள். கோட்டையின் கடையில் மண்வெட்டிக்கும் பன்றி இறைச்சிக்கும் கூட்டம் நெரிந்தது. பள்ளத்தாக்கில் வாழ்ந்த நிலகபமுக் மக்களின் மீன்பிடி இடங்களைத் தோண்டிப் போட்ட சுரங்கக்காரர்களுக்கும் அந்த மக்களுக்கும் சண்டை மூண்டு உயிர்கள் போயின. இத்தனை அமெரிக்கர்கள் வந்து குவிந்தால் நிலம் கைமாறிவிடும் என்று லண்டன் அஞ்சியது. 1858 நவம்பர் 19 அன்று, மழை கொட்டிய ஒரு நாளில், லாங்லி கோட்டையின் பெரிய வீட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா காலனி பிரகடனம் செய்யப்பட்டது. ஆளுநராகப் பதவியேற்றவர் ஜேம்ஸ் டக்ளஸ். கம்பெனியில் பல்லாண்டு வேலை பார்த்து உயர்ந்தவர். கயானாவின் டெமராராவில் பிறந்தவர். அவருடைய தாய் ஆப்பிரிக்க வம்சாவளி கலந்த பெண். மனைவி அமெலியா, க்ரீ பூர்வகுடித் தாய்க்குப் பிறந்தவர். அதே நாளில் கம்பெனியின் தனி வணிக உரிமையும் ரத்தானது. தன் வீட்டுக்குள்ளேயே கம்பெனி தன் அதிகாரத்தை இறக்கி வைத்தது.

அந்த அறையில் நடந்ததில் குவாண்ட்லன் மக்களிடம் சம்மதம் கேட்ட பேச்சே இல்லை. அவர்களுடைய நிலம் எந்த ஒப்பந்தத்தாலும் கையளிக்கப்பட்டதில்லை. இன்று கோட்டைக்கு எதிரே ஆற்றில் உள்ள மெக்மில்லன் தீவில் அவர்களுடைய குடியிருப்பு இருக்கிறது.

தலைநகரம் நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனது. நீராவிப் படகுகள் லாங்லியைத் தாண்டி நேராக மேலே போக ஆரம்பித்தன. மதில் மரங்கள் உளுத்தன, பண்ணை நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. 1886-இல் கோட்டை மூடப்பட்டது. கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்று மட்டும் தப்பியது: 1840-களில் கட்டிய பண்டகசாலை. அது மாட்டுத்தொழுவமாகக்கூட இருந்திருக்கிறது. 1923-இல் கனடா அரசு இந்த இடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. 1931-இல் பண்டகசாலை அருங்காட்சியகமானது. பிரகடனத்தின் நூற்றாண்டான 1958-ஐ ஒட்டிப் பெரிய வீட்டையும் மதிலின் ஒரு பகுதியையும் புதிதாகக் கட்டினார்கள்.

ஆகவே அங்கே போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பீரமாகத் தெரியும் மதிலும் பெரிய வீடும் மறுகட்டுமானம். படம் எடுக்க அழகாக இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் நூற்றாண்டு விழாவுக்காகக் கட்டியதால் அது ஆளுநரின் கதையைத்தான் உரக்கச் சொல்கிறது. உண்மையில் அந்தக் காலத்தைச் சேர்ந்தது பண்டகசாலை ஒன்றுதான். அதன் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். செங்குத்துத் தூண்களில் காடி வெட்டி, கிடைமட்டக் கட்டைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கியிருப்பார்கள். நம் ஊர்ப் பழைய மளிகைக் கடைகளில் பலகைகளை வரிசையாகக் காடியில் செருகிக் கடையை அடைப்பார்களே, அதே முறை. நீளமான மரம் தேவையில்லை, ஆணி அதிகம் வேண்டாம், உளுத்த கட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கிழக்கிலிருந்து வந்த பிரெஞ்சுக் கனடியத் தச்சர்கள் கொண்டுவந்த நுட்பம் இது.

ஹட்சன் பே கம்பெனி பின்னர் கனடா முழுவதும் பெரிய பல்பொருள் அங்காடிகளை நடத்தியது. கடன் சுமையில் 2025 ஜூன் 1 அன்று தன் கடைசிக் கடைகளையும் மூடியது. அந்தச் செய்தி வந்தபோது பலர் கோடு போட்ட போர்வைகளை நினைவுப் பொருளாக வாங்கிக் குவித்தார்கள்.

கோட்டையில் பீப்பாய் செய்வதையும் கொல்லுப்பட்டறை வேலையையும் நேரில் செய்துகாட்டுகிறார்கள். குழந்தைகளோடு போனால் அங்கே அதிக நேரம் நில்லுங்கள். குவாண்ட்லன் மக்களைப் பற்றிய பகுதியையும் விடாமல் பாருங்கள். வழிகாட்டியிடம் அந்தப் பெண்களைப் பற்றிக் கேளுங்கள். கார் இருந்தால் அன்றைக்கே பாலம் தாண்டி எதிர்க்கரையில் உள்ள மேப்பிள் ரிட்ஜுக்கும் போகலாம். அங்கே கனாக்கா க்ரீக் என்ற ஓடையும் அதையொட்டிய பூங்காவும் இருக்கின்றன. கனாக்கா என்பது ஹவாய்த் தொழிலாளர்களுக்கு அன்று வழங்கிய பெயர். கோட்டை வேலையிலிருந்து விலகிய ஹவாய்க் குடும்பங்கள் குடியேறிய கரை அது.